மூச்சறிந்து திறக்கும் மடைகள்

நுரையீரலின் இரத்தக் குழாய்கள் பிராணவாயுவை அறியும் விதம்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அவர் ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவும் ஏறத்தாழ 5 லிட்டரே. ஆகவே நம் உடலிலுள்ள இரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை நுரையீரலைக் கடந்து செல்கிறது எனலாம். நாம் தறியில் அமர்ந்திருந்தாலும், வயலில் களை எடுத்தாலும், அயர்ந்து உறங்கினாலும் இப்பயணம் நிற்பதில்லை. வேலை கடுமையாகும்போது அதன் வேகம் மிகுகிறது.

இப்பயணத்தின் நோக்கம் யாவரும் அறிந்ததே. பிராணவாயுவைப் பெறுதலும் கரியமிலவாயுவைக் கழித்தலும் அதன் பணிகள். ஆனால், நுரையீரலுக்குள் நுழையும் இரத்தம் காற்று உள்ள பகுதியை நாடியும், காற்று இல்லாத பகுதியைத் தவிர்த்தும் செல்கிறதே, அதை வழிநடத்துவது யார்? இக்கேள்விக்கு விடை காண அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக உழைத்துள்ளனர். அந்த விடையை அறிந்துகொள்வதால் நமக்கும் பயன் உண்டு. பல்லாண்டு அடுப்புப் புகையில் வெந்த மூதாட்டியின் கால்கள் ஏன் வீங்குகின்றன? உயர்ந்த மலைக்கு அவசரமாக ஏறியவர் ஏன் மூச்சுத் திணறி வீழ்கிறார்? பிறந்த குழந்தையின் முதல் அழுகைக்கு மருத்துவர் ஏன் அவ்வளவு காத்திருக்கிறார்? இம்மூன்று கேள்விகளும் வெவ்வேறாகத் தோன்றினும், மூன்றும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன.

நுரையீரலின் அமைப்பு

மூக்கின் வழியே புகும் காற்று மூச்சுக்குழாயில் இறங்கி, மரக்கிளைகள் போல் பிரிந்து பிரிந்து, முடிவில் மிகச் சிறிய காற்றறைகளை அடைகிறது. இரு நுரையீரல்களிலும் சேர்ந்து இவ்வறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் ஆகும். ஆறு கெஜச் சேலைகள் பத்துப் பதினொன்றைப் பக்கம் பக்கமாக விரித்தால் எவ்வளவு இடம் கொள்ளுமோ, அவ்வளவு பரப்பு நம் மார்புக்கூட்டினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு காற்றறையையும் மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோல் சூழ்ந்துள்ளன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள திரை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஓய்வான நிலையில் இரத்தம் இவ்வலையில் தங்கும் நேரம் ஒரு நொடியில் முக்கால் பங்கு அளவே. அதற்குள் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது.

திரை இத்துணை மெல்லியதாக இருப்பதால், அங்கே இரத்தத்தின் அழுத்தமும் குறைவாகவே இருத்தல் வேண்டும். உடல் முழுவதுக்கும் இரத்தம் செலுத்தும் பெருந்தமனியில் சராசரி அழுத்தம் பாதரச அளவில் 90 மில்லிமீட்டரை ஒட்டியிருக்க, நுரையீரல் தமனியில் அது 15 மில்லிமீட்டர் அளவில் நிற்கிறது. இரத்தத்தை உடலுக்கு அனுப்பும் இதயத்தின் இடது கீழறை, ஆழ்கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்கு ஒப்பானது. அதன் சுவர் தடித்தது. நுரையீரலுக்கு அனுப்பும் வலது கீழறையோ, குளத்தோரத்தில் நின்று வாய்க்காலுக்கு நீர் இறைக்கும் இறைகூடைக்கு ஒப்பானது. அதன் சுவர் மெல்லியது. இவ்வேற்றுமையை வாசகர்கள் நினைவில் கொள்ளுதல் நலம். பின்னர்க் கூறப்போகும் தீங்குகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

நெய்யப்படாமல் திரும்பும் நூல்

நுரையீரலின் எல்லாப் பகுதிகளுக்கும் எந்நேரமும் ஒரே அளவில் காற்றுச் செல்வதில்லை. சளி அடைத்த ஒரு சிறு மூச்சுக்குழாய்க்கு அப்பால் உள்ள அறைகளில் காற்று நின்றுவிடும். நிமோனியா கண்ட பகுதியில் காற்றறைகள் நீரும் சீழுமாக நிரம்பிவிடும். அப்பகுதிக்கும் முன்போலவே இரத்தம் சென்றுகொண்டிருந்தால் விளைவது என்ன?

நெசவாளர் சங்கத்திலிருந்து பத்துத் தறிகளுக்கு நூல் கொடுக்கப்படுகிறது என வைத்துக்கொள்வோம். அவற்றில் மூன்று தறிகளில் நெய்வோர் இல்லை. அம்மூன்றுக்கும் கொடுத்த நூல், நூலாகவே திரும்பி வரும். காற்றில்லாத அறைகளைச் சுற்றிச் செல்லும் இரத்தமும் அவ்வாறே போனபடி, கருஞ்சிவப்பாகவே திரும்புகிறது.

மற்ற ஏழு தறிகள் மிகுதியாக நெய்து இக்குறையை ஈடுசெய்யலாகாதா என்று கேட்கலாம். நுரையீரலில் அது இயலாது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். நல்ல காற்றறைகளைக் கடக்கும்போதே அது தன் கொள்ளளவில் நூற்றுக்கு 97 பங்கு வரை நிரம்பிவிடுகிறது. நிரம்பிய வண்டியில் மேலும் பாரம் ஏற்ற முடியாதன்றோ? ஆகவே இரண்டு வகை இரத்தமும் கலந்து இதயத்தை அடையும்போது, மொத்தத்தில் பிராணவாயு குறைந்தே தீரும். நன்றாக மூச்சு விட்டாலும் இக்குறை தீராது.

இதற்குத் தீர்வு ஒன்றே. காற்றில்லாத பகுதிக்கு இரத்தம் செல்வதைக் குறைத்து, காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிட வேண்டும். உழவர் இதை நன்கு அறிவர். நடவு முடிந்த வயலின் மடையைத் திறந்து, தரிசாகக் கிடக்கும் வயலின் மடையை அடைத்து, வாய்க்கால் நீரைப் பயனுள்ள இடத்துக்குத் திருப்புவது நீர்பாய்ச்சியின் அன்றாட வேலை. நுரையீரலிலும் அவ்வேலை நடைபெறுகிறது. காற்றறைகளுக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகளே அங்கு மடைகள். அறையில் பிராணவாயு குறைந்தால், அதை ஒட்டிய தமனியின் தசை சுருங்கி வழியை ஒடுக்குகிறது. பிராணவாயு மீண்டும் வந்தால் தசை தளர்ந்து வழி விடுகிறது.

1946 ஆம் ஆண்டுச் சோதனை

உடலின் பிற பகுதிகளில் நடைமுறை இதற்கு நேர்மாறானது. உழைக்கும் கைத்தசையில் பிராணவாயு குறைந்தால், அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து மேலும் இரத்தம் வரவழைத்துக்கொள்ளும். பற்றாக்குறை உள்ள இடத்துக்கு மிகுதியாக அனுப்புவது உடலின் பொதுவிதி. நுரையீரல் ஒன்றே விதிவிலக்கு. மற்ற உறுப்புகள் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை வாங்குகின்றன. நுரையீரல் இரத்தத்துக்கு அதைக் கொடுக்கிறது. கொடுக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு வாங்குவோரை அனுப்புவதில் பயன் இல்லை.

மூச்சு தடைப்படும்போது நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்வதை பிராட்ஃபோர்டு, டீன் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் 1894 இலேயே கண்டு எழுதினர். எனினும் அதன் பொருள் தெளிவாவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. 1946 இல் ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உல்ஃப் வான் ஆய்லர், கோரான் லில்யெஸ்ட்ராண்ட் என்னும் இருவர் பூனைகளில் சோதனை செய்தனர். சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அதில் பாதியளவே உள்ள காற்றைப் பூனைகள் சுவாசித்தபோது நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்ந்தது. தூய பிராணவாயுவைச் சுவாசித்தபோது அது தாழ்ந்தது. காற்று நன்கு எட்டும் பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்புவதே இச்சுருக்கத்தின் நோக்கம் என்று அவ்விருவரும் கூறினர். வான் ஆய்லர், நரம்புகளின் இரசாயனத் தூதுப்பொருள்களைப் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக, 1970 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

மூளையோ நரம்போ கட்டளையிட்டு இம்மடைகள் மூடுவதில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. உடலிலிருந்து பிரித்தெடுத்து, இரத்தம் ஓடச் செய்து வைத்த நுரையீரலிலும் இச்சுருக்கம் நிகழ்கிறது. சிறு தமனியிலிருந்து தனியே எடுத்த ஒற்றைத் தசையணுகூடப் பிராணவாயு குறைந்தால் சுருங்குகிறது. தலைமை அலுவலகத்தின் உத்தரவுக்குக் காத்திராமல், அந்தந்த வயலின் மடையே தன் வயலின் நிலையறிந்து செயற்படுகிறது.

இவ்வமைப்பினால் அறுவை மருத்துவர்களும் பயன் பெறுகின்றனர். மார்பில் சில அறுவைச் சிகிச்சைகளின்போது ஒரு நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திவிட்டு, மற்றொன்றால் மட்டும் நோயாளியைச் சுவாசிக்கச் செய்வர். அப்போது காற்று நின்ற நுரையீரலின் மடைகள் தாமே ஒடுங்கி, அதற்குச் செல்லும் இரத்தத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. இல்லையேல் அத்தகைய சிகிச்சை இன்னும் ஆபத்தானதாக இருக்கும்.

தசையணுவுக்குள் நடப்பது

அப்படியாயின் ஒரு தசையணு, பிராணவாயு குறைந்ததை எவ்வாறு அறிகிறது? அணுவுக்குக் கண்ணோ மூக்கோ இல்லை. அதற்குப் புலனாக அமைபவை சில புரதங்களே.

ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள் உள்ளன. உணவிலிருந்து ஆற்றலைப் பிரிக்கும் தொழில் அங்கே நடைபெறுகிறது. அத்தொழிலில் எலெக்ட்ரான்கள் புரதத்துக்குப் புரதம் கைமாறிச் சென்று, கடைசியில் பிராணவாயுவைச் சேர்கின்றன. இவ்வரிசையின் கடைசியில் நின்று பிராணவாயுவைக் கையேற்பது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் புரதத் தொகுதி. பிராணவாயு குறைந்தால் கைமாற்றம் தடைப்பட்டு, வரிசை முழுவதும் தேக்கம் உண்டாகிறது. அத்தேக்கமே முதல் செய்தி.

இத்தொகுதியில் ஒரு சிறு உறுப்புப் புரதம், நுரையீரலில் பிற இடங்களில் உள்ளதினின்று வேறான வடிவில் மிகுதியாக இருக்கிறது. ஜெர்மனியில் கீசன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அவ்வடிவம் இல்லாத எலிகளைச் சோதித்து, 1917 ஐ அடுத்து நூறாண்டு கழிந்த 2017 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவ்வெலிகளின் நுரையீரல் மடைகள், பிராணவாயு குறைந்தபோதும் மூடவில்லை. உணர்வுப் பொறி எங்குள்ளது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

உலையில் பிறந்த செய்தி தசையை எட்டும் வழி பின்வருமாறு. தசையணுவின் தோலில் பொட்டாசியத்தை வெளியே விடும் புரதக் கதவுகள் உள்ளன. பிராணவாயு குறைந்தால் இக்கதவுகள் மூடிக்கொள்கின்றன என்பதை அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து அறிஞர்கள் 1992 இல் காட்டினர். பொட்டாசியம் வெளியேறாது நிற்கவே, அணுவின் மின்னிலை மாறுகிறது. அம்மாற்றத்தால் கால்சியத்தை உள்ளே விடும் வேறு கதவுகள் திறக்கின்றன. கால்சியம் உட்புகுந்ததும் தசை சுருங்குகிறது. இவையெல்லாம் சில நொடிகளில் தொடங்கிச் சில நிமிடங்களில் முழுமை பெறுகின்றன. உலையிலிருந்து கதவுக்குச் செய்தி கொண்டுசெல்லும் தூதுப்பொருளின் அளவு அப்போது மிகுகிறதா, குறைகிறதா என்பதில் மட்டும் ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகளாக இரு கட்சியாய் நின்று வாதிட்டு வருகின்றனர்.

நாட்கணக்கில் வேலை செய்யும் புரதம்

மேற்கூறியது உடனடி ஏற்பாடு. பற்றாக்குறை நாட்கணக்கில் நீடித்தால், உயிரணு வேறொரு புரதத்தின் உதவியால் நீண்டகால ஏற்பாடுகளைச் செய்கிறது. அப்புரதம் 'ஹிஃப்' என்று சுருக்கமாக வழங்கப்படுகிறது. அதைக் கண்டறிந்தவர் பால்டிமோர் நகரத்து கிரெக் செமென்சா. அது வேலை செய்யும் முறையை ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராட்கிளிஃபும் பாஸ்டனின் வில்லியம் கேலினும் 2001 இல் விளக்கினர். மூவருக்கும் 2019 இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அம்முறை எளிமையும் வியப்பும் உடையது. உயிரணு இப்புரதத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. உண்டானதை ஓயாமல் அழித்துக்கொண்டும் இருக்கிறது. பிராணவாயு போதுமான அளவு இருந்தால், ஒரு நொதி அப்பிராணவாயுவைக் கொண்டே ஹிஃப் புரதத்தின்மீது ஓர் அடையாளம் இடுகிறது. அடையாளம் பெற்றதை வேறொரு புரதம் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது. பிராணவாயு குறைந்தாலோ அடையாளமிட முத்திரை மை இல்லை. ஹிஃப் அழியாமல் பெருகி, உயிரணுவின் கருவுக்குள் சென்று, நூற்றுக்கணக்கான மரபுக் குறிப்புகளைச் செயற்படுத்துகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. நுரையீரலில் சிறு தமனிகளின் தசைச் சுவர் தடிக்கிறது. தற்காலிகமாக அடைத்த மடை, நாளடைவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய மடையாகிவிடுகிறது.

இப்புரதத்தின் ஒரு வகை பாதியளவே உள்ள எலிகளை நான்கு வாரம் பிராணவாயு குறைந்த காற்றில் வைத்த சோதனை 2003 இல் வெளியாயிற்று. சாதாரண எலிகளின் நுரையீரல் அழுத்தம் உயர்ந்தது, அவ்வெலிகளுக்கு உயரவில்லை. இதன் மறுபக்கத்தை ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள சுவாஷியா மக்களிடையே காணலாம். அங்குச் சில குடும்பங்களில் ஹிஃப்பை அழிவுக்கு அனுப்பும் புரதம் பரம்பரையாகக் குறையுடையது. அவர்கள் சமவெளியில் நல்ல காற்றைச் சுவாசித்து வாழ்ந்தும், சிவப்பணுக்கள் மிகுந்து, நுரையீரல் அழுத்தமும் உயர்ந்து காணப்படுகின்றனர்.

முதல் மூச்சு

தாயின் வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, நீரே உள்ளது. ஆகவே அதன் மடைகள் அனைத்தும் ஒடுங்கியிருக்கின்றன. இதயத்திலிருந்து வரும் இரத்தத்தில் சிறு பங்கே நுரையீரலுக்குள் செல்கிறது. எஞ்சியது ஒரு பக்கக் குழாய் வழியாக நேரே உடலுக்குத் திரும்பிவிடுகிறது. குழந்தைக்கு வேண்டிய பிராணவாயு, தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கிடைப்பதால் இவ்வேற்பாட்டில் குறையொன்றும் இல்லை.

பிறந்த குழந்தை வீறிட்டு அழும்போது நுரையீரல் விரிந்து காற்று நிரம்புகிறது. பிராணவாயு பட்டதும் ஒடுங்கியிருந்த மடைகள் ஒருங்கே திறக்கின்றன. அதே பிராணவாயு பக்கக் குழாயை மூடவும் செய்கிறது. வாழ்நாள் முழுவதற்கும் உரிய புதிய வழியில் இரத்தம் ஓடத் தொடங்குகிறது. சில குழந்தைகளுக்கு மடைகள் திறவாமல் நின்றுவிடும். உடல் நீலம் பூக்கும். அந்நிலைக்கு நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை மிகச் சிறு அளவில் சுவாசிக்கச் செய்யும் சிகிச்சை 1999 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அவ்வாயு காற்று எட்டும் இடத்துக் குழாய்களை மட்டுமே விரிப்பது அதன் சிறப்பு. குழந்தைப்பேறு வசதியுள்ள மருத்துவமனையில் நிகழ வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா மடைகளும் அடைபட்டால்

இதுகாறும் கூறியவை இவ்வமைப்பின் நன்மைகள். இனி அதன் மறுபுறத்தைப் பார்ப்போம். பத்து வயல்களில் இரண்டின் மடையை அடைத்தால் நீர் எட்டு வயல்களுக்குத் திரும்பும். பத்து மடைகளையும் அடைத்துவிட்டு மேலும் நீர் இறைத்தால், வாய்க்கால் கரை உடையும். இல்லையேல் இறைப்பவர் ஓய்ந்து வீழ்வார். நுரையீரலின் மடை தன் வயலை மட்டுமே அறியும். அடுத்த வயலின் நிலை அதற்குத் தெரியாது. ஆகவே நுரையீரல் முழுவதும் பிராணவாயு குறைந்தால், எல்லா மடைகளும் ஒருங்கே ஒடுங்கிவிடுகின்றன. அப்பாரம் முழுவதும் இறைகூடை போன்ற வலது கீழறையின்மீது விழுகிறது.

இதை முதலில் உணர்த்தியவை மாடுகள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஏறத்தாழ 2,100 மீட்டருக்கு மேற்பட்ட மலை மேய்ச்சல் நிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மாடுகளில் சில, முன்மார்பு வீங்கி, நடக்க மாட்டாமல் மாண்டன. 1915 இல் குளோவர், நியூசம் என்னும் இருவர் இந்நோயை விவரித்து எழுதினர். வலது இதயம் தளர்ந்து, இரத்தம் பின்தேங்கி, நீர் கசிந்ததே அவ்வீக்கம். மாடுகளின் நுரையீரல் தமனிகளில் இயல்பாகவே தசை மிகுதி. ஆதலால் உயரத்தில் அவற்றின் மடைகள் மிகக் கடுமையாக மூடுகின்றன. நோயுற்ற மாட்டைத் தாழ்நிலத்துக்கு இறக்குவதே முதன்மையான மருந்து. இந்நாளில் அங்குள்ள பண்ணையாளர்கள், பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரல் அழுத்தத்தை அளந்து பார்க்கின்றனர். அழுத்தம் மிகுந்த காளையை இனப்பெருக்கத்துக்கு வைப்பதில்லை.

நம் நாட்டு லடாக்கில் சடைமாடு என்னும் யாக், இக்கேடின்றி வாழ்கிறது. இந்தர் ஆனந்த் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அங்கே யாக், மாடு, இரண்டின் கலப்பினம் ஆகியவற்றை ஆராய்ந்து 1986 இல் முடிவுகளை வெளியிட்டனர். யாக்கின் நுரையீரல் மடைகள் உயரத்தில் ஒடுங்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டன என்றும், அக்குணம் கலப்பினக் கன்றுகளுக்கும் இறங்குகிறது என்றும் அவர்கள் கண்டனர். திபெத்திய மக்களிடமும் இத்தகைய தகவமைப்பு உண்டு. ஹிஃப் புரதத்தின் ஒரு வகையை உண்டாக்கும் மரபுக்கூறு அவர்களிடம் தனி வடிவில் மிகுந்திருப்பதை 2010 இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின.

சமவெளி மக்களாகிய நமக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. 1962 ஆம் ஆண்டுப் போரின்போது சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு விரைந்து அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களில் பலர், நுரையீரலில் நீர் கோத்து இன்னலுற்றனர். இந்தர் சிங் என்னும் இராணுவ மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இந்நோயைப் பற்றி 1965 இல் விரிவாக எழுதினர். உயரத்தில் மடைகள் ஒரே சீராக மூடுவதில்லை. மூடாத சில பகுதிகளுக்கு இரத்தம் பேரழுத்தத்துடன் பாய்ந்து, மெல்லிய திரையைக் கடந்து காற்றறைக்குள் கசிகிறது. இத்தாலிய எல்லையில் 4,559 மீட்டர் உயரத்திலுள்ள மலைக்குடில் ஒன்றில், முன்பு இந்நோய் கண்டவர்களைக் கொண்டு சோதனை செய்து 1991 இல் முடிவு வெளியிடப்பட்டது. குழாய்களைத் தளர்த்தும் நிஃபெடிப்பின் என்னும் மருந்தை உண்ட 10 பேரில் ஒருவருக்கே நோய் வந்தது. அதை உண்ணாத 11 பேரில் 7 பேருக்கு வந்தது.

அடுப்புப் புகை

மலை ஏறாமலே மலை உச்சியின் துன்பத்தை அனுபவிப்போர் நம்மிடையே உள்ளனர். பல்லாண்டு புகையால் மூச்சுக்குழாய்கள் பழுதடைந்தவர்களின் நுரையீரலில், காற்றுக் குறைந்த பகுதிகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. அவற்றின் மடைகள் ஒடுங்கி, பின்னர்ச் சுவரும் தடித்து, வலது இதயத்தின் பாரம் ஏறுகிறது. முடிவில் இதயம் தளர்ந்து, கணுக்காலில் வீக்கம் காண்கிறது. கழுத்து நாளங்கள் புடைக்கின்றன. காலில் தோன்றும் வீக்கத்துக்கு மூலம் நுரையீரலில் இருக்கிறது.

இந்நோயைப் பற்றி நம் நாட்டில் முதன்மையான ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் குடும்பத்தாருடன் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த இவ்வம்மையார், பின்னர் டெல்லியில் இதய மருத்துவராகப் பெரும்பெயர் பெற்றார். நுரையீரல் நோயால் இதயம் தளர்ந்த 127 நோயாளிகளைப் பற்றி இவரும் ஓர் உடனாய்வாளரும் எழுதிய கட்டுரை 1959 இல் வெளிவந்தது. மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆடவருடையது. டெல்லியிலோ, புகைபிடிக்கும் வழக்கம் அரிதாயிருந்த பெண்களிடமும் அது மிகுதியாகக் காணப்பட்டது. காற்றோட்டமில்லாத அறையில் சாணவிறட்டியும் விறகும் எரித்துச் சமைப்பதை அவர் காரணமாகச் சுட்டினார். பத்மாவதி அம்மையார் 2020 இல், 103 ஆம் வயதில் காலமானார்.

குழாய்களை விரிக்கும் மருந்தைக் கொடுத்து எல்லா மடைகளையும் திறந்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். பழுதடைந்த நுரையீரலில் அது எளிதன்று. காற்றில்லாத பகுதிகளின் மடைகளும் உடன் திறந்துவிடுவதால், இரத்தத்தில் பிராணவாயு மேலும் குறையக்கூடும். மடையைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. வயலுக்கு வேண்டியதைத் தருவதே முறை. இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்துவிட்ட இத்தகைய நோயாளிகளுக்கு, நாள்தோறும் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் பிராணவாயு அளித்தால் ஆயுள் நீள்கிறது என்று 1980, 1981 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரு பெரும் ஆராய்ச்சிகள் நிறுவின.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சமையலறைக்குப் புகைபோக்கியும் சாளரமும் இன்றியமையாதவை. எரிவாயு அடுப்பு உள்ள வீடுகளிலும் வெந்நீருக்கென்று விறகு மூட்டும் வழக்கம் உண்டு. அதையாவது திறந்த வெளியில் வைத்துக்கொள்ள வேண்டும். பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவற்றை விட்டொழிப்பதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நெடுநாள் இருமலும் மூச்சிரைப்பும் உள்ளவருக்குக் கால் வீங்கினால், அதை முதுமையின் இயல்பென்று ஒதுக்கலாகாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் வீட்டில் பிராணவாயு அளிக்கச் சொன்னால், அவர் குறித்த அளவையும் நேரத்தையும் கூட்டாமலும் குறைக்காமலும் பின்பற்ற வேண்டும். பிராணவாயு உருளையின் அருகே நெருப்பு ஆகாது.

மூன்றாவது, இமயமலைத் தலங்களுக்கும் லடாக் போன்ற இடங்களுக்கும் செல்வோர் அவசரப்படலாகாது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவதும் மருத்துவர்கள் வகுத்த விதி. ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறங்க வேண்டும். நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டரே. ஆகவே உதகைக்குச் செல்லும் உடல்நலமுள்ளோர் இதுபற்றி அஞ்ச வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத சில புரதங்கள், நாம் பிறந்த நொடி முதல் மூச்சுக்கு மூச்சு காற்றின் நிலையறிந்து, இரத்தத்தைப் பயனுள்ள வழியில் திருப்பி வருகின்றன. ஒரு மூலையில் குறை நேர்ந்தால் அவை நம்மைக் காக்கும். எங்கும் குறை நேர்ந்தால் அவற்றால் காக்க இயலாது. அவற்றின் செயலே சுமையாகிவிடும். ஆகவே வீட்டிலும் தொழிற்கூடத்திலும் நாம் சுவாசிக்கும் காற்றைத் தூயதாக வைத்துக்கொள்வது, நம்மால் செய்யக்கூடியதும் நாம் செய்யவேண்டியதுமான கடமையாகும்.